ஏர் கன் பாரலில் தேய்ந்த புளூயிங்: உப்புக் காற்றில் எது நிற்கும்?

பழைய ஏர் ரைஃபிளில் புளூயிங், அதாவது இரும்பின் மேல் இருக்கும் கருநீலப் படலம், முதலில் போகும் இடங்கள் தெரிந்தவைதான்: பாரலை மடக்கக் கை பிடிக்கும் இடம், வாய்முனை, சிலிண்டரின் முதுகு. தொண்டியில் ஆரம்பித்து பாம்பன், ஏர்வாடி வரை இந்தக் கரையில் அது வெளிறுவதோடு நிற்காது. புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். காற்று கொண்டுவந்து படியவிடும் உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். ராத்திரியில் இங்கே அந்த அளவு சர்வ சாதாரணம். மழையே படாமல் பீரோவுக்குள் இருந்த ரைஃபிள் துருப்பிடிப்பது இப்படித்தான்.

எந்த முறைக்குப் போனாலும் முதலில் இரண்டு சோதனை. ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ட்ரிகர் கார்டிலோ வாய்முனை மூடியிலோ ஒட்டாவிட்டால் அது அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவை. இரும்புக்கான புளூயிங் திரவம் அதற்கு ஆகாது. அடுத்து, துப்பாக்கியின் மரக் கட்டைக்குள் மறைந்திருக்கும் பகுதியில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேயுங்கள். கறுப்பு பஞ்சில் வந்தால் அது பெயின்ட். புளூயிங் அசிட்டோனுக்கு அசையாது.

துரு எடுக்க வினிகரும் துரு நீக்கித் திரவங்களும் வேண்டாம். துருவோடு நல்ல புளூயிங்கையும் சேர்த்து நிமிடங்களில் தின்றுவிடும். மெஷின் எண்ணெயும் 0000 எண் ஸ்டீல் உல்லும் (மிக மெல்லிய இரும்பு நார்) போதும்.

கோல்ட் புளூதான் எல்லோரும் முதலில் வாங்குவது. பர்ச்வுட் கேஸி பெர்மா புளூ போன்றவை பெரும்பாலும் செலினியம் டையாக்சைடும் தாமிர உப்பும் கலந்த அமிலத் திரவம். அசல் புளூயிங்கில் இரும்பின் மேற்பரப்பே மேக்னடைட்டாக (கறுப்பு இரும்பு ஆக்சைடு) மாறியிருக்கும். இதில் மேலே ஒரு மெல்லிய படலம் படிகிறது, அவ்வளவுதான். நிறம் கிடைக்கும், காவல் கிடைக்காது. ஆனாலும் விரல் நுனி அளவு தேய்மானத்துக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. இடத்தை அசிட்டோனால் இரண்டு முறை துடைத்து, ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒரே சீராகத் தடவுங்கள். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் விட்டு, தண்ணீரால் கழுவி, காயவைத்து, ஸ்டீல் உல்லால் பட்டும் படாமலும் தேய்த்து மறுபடி தடவ வேண்டும். மூன்று முதல் ஐந்து சுற்று. ஓரத்தில் கோடு தெரியாமலிருக்க ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெளியே தள்ளித் தடவுங்கள்.

செம்பு நிறம் அடித்தால் எண்ணெய்ப் பசை மிச்சம், அல்லது திரவம் அதிகம். மறுநாள் காலையில் ஆரஞ்சுப் பொடி பூத்திருந்தால் அமிலம் மிச்சம். இந்தக் கரையில் கோல்ட் புளூவை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கோளாறுதான். கடைசிச் சுற்றுக்குப் பின் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, பேட்டரி தண்ணீரால் (உப்பில்லாத டிஸ்டில்டு வாட்டர்) கழுவி, காய்ந்ததும் எண்ணெய் பூசி ஓர் இரவு விடுங்கள். செலினியம் விஷம், கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கைப்பிடி இடம் முழுக்க வெளிறிவிட்டால், அல்லது பாரலே பாதி வெள்ளையாகிவிட்டால் ரஸ்ட் புளூ. வேண்டுமென்றே மெல்லிய துருவை வளர்த்து, கொதிநீரில் போட்டு அதைக் கறுப்பு மேக்னடைட்டாக மாற்றும் பழைய முறை. குளிர்நாட்டில் இதற்கு ஈரப்பெட்டி கட்டுவார்கள். நமக்கு அந்தச் செலவு மிச்சம். ஆனால் திறந்த திண்ணையில் வைக்காதீர்கள், உப்பும் சேர்ந்து படியும். ஈரத்துணி போட்ட பிவிசி குழாய்க்குள் மூடி வைப்பது நல்லது.

பாரலைக் கழற்றி, ரப்பர் சீலை எடுத்துவிட்டு, இரு முனையையும் மரக்கட்டையால் அடையுங்கள். ரஸ்ட் புளூ திரவத்தை மெல்லியதாகத் தடவி, பட்டுப்போல ஆரஞ்சுப் படலம் வரும்வரை சில மணி நேரம் விட்டு, 15 நிமிடம் கொதிக்கவையுங்கள். கறுத்த பொடியை எண்ணெய் நீக்கிய ஸ்டீல் உல்லால் தேய்த்தெடுத்து, மீண்டும் தடவுங்கள். ஐந்தாறு சுற்றுக்குள் ஆழ்ந்த சாம்பல் கறுப்பு வந்துவிடும். 4 அங்குல ஸ்டெயின்லெஸ் குழாயை நீளவாக்கில் பிளந்து, அரை மீட்டர் நீளத்தில் இரு பக்கமும் அடைத்தால் சுமார் 2 லிட்டர் பிடிக்கும் தொட்டி தயார்.

தண்ணீர்தான் இதில் உயிர்நாடி. கிணற்று நீர், போர் நீர் எதுவும் ஆகாது. உப்புக் கறை திட்டுத்திட்டாக நிற்கும். பேட்டரி தண்ணீர் 5 லிட்டர் கேன் வாங்கிவிடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் சமையல் உப்பும் கலந்து வீட்டிலேயே துரு ஏற்றும் வித்தை ஒன்று உலவுகிறது. சீக்கிரம் துரு வரும், உண்மைதான். குழிகளுக்குள் தங்கும் குளோரைடு கறுப்புக்கு அடியிலேயே அரிக்கும். ஏற்கெனவே உப்புக் குழி விழுந்த பாரலுக்கு அதைச் செய்யவே கூடாது.

ஹாட் புளூ, அதாவது காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் 140 டிகிரி பக்கம் கொதிக்கும் தொட்டி, வீட்டு வேலை அல்ல. தண்ணீர் துளி விழுந்தால் சீறித் தெறிக்கும், அலுமினியத்தைக் கரைத்துவிடும். துப்பாக்கியை முழுக்கப் பிரித்துப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும், மெயின்ஸ்பிரிங்கை, அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் பிரிப்பது ஆபத்து. டச்-அப்புக்கு இது அதிகப்படி.

பெயின்டைப் பலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தையே பாலிசிலாக்ஸேன் பூச்சுதான் காக்கிறது. கடலையொட்டிய வீட்டில், மதிப்பு பார்க்கத் தேவையில்லாத உழைப்பாளி ரைஃபிள் என்றால், சிலிண்டருக்குப் படகுக் கடையில் கிடைக்கும் இரண்டு டப்பா எபாக்ஸியே நியாயமான முடிவு. 400 எண் தாளால் தேய்த்து, பிரைமரும் கறுப்பும் மெல்லியதாக ஒவ்வொரு கோட். பாரல் மடங்கும் பிவட் போல்ட், சீல் பக்கம் டேப் ஒட்டி மறையுங்கள். பூச்சின் கனம் பாரல் பூட்டைக் கெடுக்கும். கீறல் விழுந்தால் உடனே அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு உள்ளே ஓடி பூச்சைத் தூக்கும். அசல் புளூயிங் பாதிக்குமேல் இருக்கும் பழைய டயானா (ஜெர்மன் ஏர் ரைஃபிள்) ஒன்றில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், விலை போய்விடும்.

பராமரிப்பில் ஒன்று தவறக்கூடாது. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்த் துணியால் துடைத்தால் அது பரவத்தான் செய்யும். பேட்டரி தண்ணீர் நனைத்த துணியால் முதலில் துடைத்து, காயவைத்து, பிறகு எண்ணெய் அல்லது மெழுகு. கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் வாரம் ஒருமுறை. வெளிப்புறத்துக்கு மெழுகுதான் மேல்: கை பட்டால் எண்ணெய்போல உடனே போகாது, வழிந்து கட்டைக்குள்ளும் இறங்காது. எண்ணெய் பூசுவதானால் துப்பாக்கியை வாய் கீழாகச் சாய்த்து வையுங்கள். காற்றுத் துளை வழியே சிலிண்டருக்குள் இறங்கினால் அடுத்த சுடுதலில் டீசல்போல வெடித்து சீலையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.