மார்கழியில் தொட்டி எலுமிச்சை: மாடியா, கூடமா, தெற்குத் தாழ்வாரமா?

குளிர் நாடுகளில் எலுமிச்சைத் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைப்பதற்குக் காரணம், ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் வளர்ச்சி நின்றுவிடும் என்பதும் உறைபனியில் அது கருகிவிடும் என்பதும் ஆகும். இராமநாதபுரம் கடற்கரையில் மார்கழி விடியலிலும் அந்தக் குளிர் வருவதில்லை. இங்கே ஐப்பசி முதல் தை வரை தொட்டியை இடம் மாற்ற வைப்பவை வாடைக்காற்றின் உப்பும், தொட்டியில் தேங்கும் மழைநீரும்தான்.

மொட்டைமாடியில் வெயிலுக்குக் குறைவில்லை. எலுமிச்சைக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். ஆனால் தொண்டி, தேவிபட்டினம் போன்ற பாக் நீரிணைக் கரை ஊர்களில் இரவெல்லாம் வாடை வீசிய மறுநாள் காலை, மாடிச் செடியின் இலையைத் துடைத்த விரலை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். மழை அதைக் கழுவிவிடும். மழையில்லாமல் காற்று மட்டும் வீசும் நாட்களில் இலைநுனி பழுப்பேறி, கருகல் ஓரங்களில் பரவும். வடிகால் துளை அடைபட்டால் வேரழுகலும் சேர்ந்துகொள்ளும்.

கூடத்துக்குள் வைத்தால் உப்பும் மழையும் அண்டாது, வெளிச்சமும் போதாது. இலைகள் உதிரத் தொடங்கும், செதில்பூச்சி ஏறும். புயல் எச்சரிக்கை உள்ள இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் அங்கே வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

எனவே என் தேர்வு தெற்குப் பார்த்த தாழ்வாரம். வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் வீட்டுச் சுவரே அதற்குத் தடுப்பாகிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், சித்திரையில் கூரை மறைக்கும் வெயில் அப்போது தாழ்வாரத்துக்குள் சரிந்து விழுகிறது. மழை படாத இடமாதலால் நீர் நாம்தான் ஊற்ற வேண்டும் என்பது இதன் குறை. உவர்ப்பான கிணற்று நீரையே ஊற்றினால் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கூரையிலிருந்து வடியும் மழைநீரைக் குடத்தில் பிடித்து வைத்து, மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்த பின் ஊற்றுவதும், மாதம் ஒருமுறை அடித்துளை வழியே வழியுமளவு அந்த நீரையே விட்டு மண்ணைக் கழுவுவதும் நல்லது.

கவாத்தை, அதாவது கிளை வெட்டுவதை, மழைக்கு முன் செய்வதா, பின் செய்வதா என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஒரு புரட்டாசியில் செடியை நன்றாகக் குறைத்து வெட்டினேன். ஐப்பசியில் வந்த தளிர்கள் அத்தனையிலும் இலைத்துளைப்பான் புழு வெள்ளிக்கோடு இழுத்தது. அந்தப் புண்கள் வழியே சொறிநோய் புகுந்து, இலைகளில் மஞ்சள் வளையமிட்ட தடிப்புகள் எழுந்தன. மழைத் தெறிப்பிலும் காற்றிலும் பரவும் அந்த நோய்க்கு இளந்தளிரும் வெட்டுக்காயமும்தான் வாசல். தை பிறந்து மழை ஓய்ந்தபின் வெட்டினால் நுனிகளோடு சில பூக்களும் போகும். நோயில்லாத தளிருக்காக அந்த இழப்பைத் தாங்கலாம். அதுவரை காய்ந்த குச்சிகளையும், ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து (வேர் தரும் அடிச்செடியிலிருந்து) கிளம்பும் போத்துகளையும் மட்டும் ஈரமில்லாத நாளில் நீக்கினால் போதும்.