பிளாஸ்டிக் பெட்டிக்கு 'வாட்டர்ப்ரூஃப்' செய்து தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை

முகாமுக்கும் மலைப்பயணத்துக்கும் எடுத்துச் செல்லும் சாதாரண பிளாஸ்டிக் பெட்டிகளைத் தண்ணீர் புகாதபடி மாற்றித் தருவதாகச் சொல்லும் பெங்களூருக் கடை ஒன்றில் பணம் கொடுத்து ஏமாந்த விவரத்தை, மழைக்காலப் பயணத்துக்கு ஆயத்தமாகும் நம்மவர்களின் கவனத்துக்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. தவிர, இந்த வேலையை இதே முறையில் யார் செய்தாலும் விளைவு இப்படித்தான் இருக்கும்.

கடைக்காரர் தமிழர், பேச்சில் கெட்டிக்காரர். ஐம்பது லிட்டர் பெட்டி ஒன்றுக்கு 650 ரூபாய் என்று பேசி நான்கு பெட்டிகளை வாங்கிக்கொண்டவர், மூடியின் உட்புறப் பள்ளத்தில் சாம்பல் நிற ஸ்பாஞ்ச் பட்டையை ஒட்டி, விளிம்பைச் சுற்றிலும் சிலிக்கான் பூசி, மறுநாள் மாலையே திருப்பிக் கொடுத்தார். "ஐபி 67 சார், ஆத்துல விட்டாலும் ஒரு சொட்டு உள்ள போகாது" என்று சொல்லி, ஒரு குவளைத் தண்ணீரை மூடியின் மேல் ஊற்றியும் காட்டினார். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், உங்களுக்கு எதுக்கு சார் வீண் செலவு?" என்று பதில் வந்தது. பணம் யூபிஐ வழியாகச் சென்றதால் அந்தப் பதிவு மட்டும் என்னிடம் இருக்கிறது.

பெட்டிகளோடு பயணம் கிளம்பிய எங்களுக்கு, கர்நாடக மலைப்பகுதியிலுள்ள சக்லேஷ்பூர் வரை நல்ல வெயில். ஜீப்பின் கூரைக் கேரியரில் கட்டியிருந்த பெட்டிகள் தொட முடியாத அளவுக்குச் சூடேறியிருந்தன. அங்கிருந்து சிராடி மலைச்சாலையில் இறங்கும்போது பிடித்த மழை குக்கே சுப்பிரமணியா வரை விடவில்லை. தங்குமிடத்தில் திறந்து பார்த்தால் நான்கில் மூன்று பெட்டிகளில் தண்ணீர். அரிசியும் பருப்பும் ஊறிப் பை வெடித்திருந்தன. தூங்கும் பைகளைப் பிழிய வேண்டியிருந்தது. தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச் விளக்குகளில் ஒன்றும் எரியவில்லை. உலர்ந்திருந்த நான்காவது பெட்டி, மற்றவற்றுக்கு அடியில் தார்ப்பாயின் மடிப்புக்குள் இருந்தது என்பதால், அதற்கான பெருமையும் கடைக்காரருக்குச் சேராது.

வீடு திரும்பிய பின் மூடிகளை வெளிச்சத்தில் வைத்து ஆராய்ந்தேன். சிலிக்கானின் ஒரு முனையை நகத்தால் நெம்பியதும், சுற்று முழுவதும் ஒரே நூலாக உரிந்து வந்துவிட்டது. அடியில் இருந்த பிளாஸ்டிக் பளபளவென்று, பசை பட்ட சுவடே இல்லாமல் இருந்தது. பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கிறது, அதாவது அது பாலிப்ரொப்பிலீன். இதன் மேலும் பாலிஎத்திலீன் மேலும் சாதாரணப் பசையோ சிலிக்கானோ பிடிக்காது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய அரிச்சுவடி. மூலைகளில் தடித்துக் கிடந்த சிலிக்கானிலிருந்து வினிகர் வாடை இன்னும் வந்தது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் சிலிக்கான் இறுகும். ஒரு நாளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் இறுகினாலே பெரிது. அதற்குள் மூடியை அழுத்தி மூடிக் கொடுத்துவிட்டார்கள். இறுகும்போது வெளிவரும் அசெட்டிக் அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கொக்கிகளின் ஸ்பிரிங்கில் புதிதாகத் துரு தெரிந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஸ்பாஞ்ச் பட்டை அதைவிட மோசம். அது துளைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும் வகை. விரலால் அழுத்தியதும் தண்ணீர் ஒழுகியது. தண்ணீரைத் தடுக்க வேண்டிய பட்டை, அதை உறிஞ்சி உள்ளே கடத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கார்க் கதவுக்கென்று விற்கும் ஈபிடிஎம் ரப்பர் பட்டையை வைத்திருந்தால் ஓரளவு தாங்கியிருக்கும். ஓரளவுதான், ஏனென்றால் இந்தப் பெட்டிகளுக்குக் குறுகிய பக்கங்களில் மட்டுமே கொக்கி இருக்கிறது. நீளப் பக்கத்தின் நடுவில் மூடி மேலே வளைந்து நிற்கிறது. கொக்கிகளைப் போட்ட பிறகும் அந்த இடத்தில் ஒரு பத்து ரூபாய் நோட்டை உள்ளே செருக முடிந்தது.

மேலும், வெயிலில் காய்ந்த பெட்டியின் மேல் குளிர்ந்த மழை பெய்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். 45 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறங்கினால் உள்ளழுத்தம் சுமார் எட்டு சதவீதம் குறையும். சக்லேஷ்பூரின் உயரத்திலிருந்து மலையடிவாரத்துக்கு இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடவும் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால், விளிம்பில் தேங்கிய தண்ணீரைப் பெட்டியே உறிஞ்சிக்கொள்ளும். தரமான பெட்டிகளில் அழுத்தத்தைச் சமன்செய்யும் சிறு வால்வு இருப்பது இதற்காகத்தான்.

ஐபி 67 என்பது வாயால் கொடுக்கும் சான்றிதழ் அல்ல. ஐஇசி 60529 என்ற தரநிலையின்படி, முதல் இலக்கமான 6 தூசு புகாமையையும், இரண்டாவது இலக்கமான 7 ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் மூழ்கிக் கிடந்தாலும் கெடுதல் வராமையையும் குறிக்கும். குவளைத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவது இதில் எதற்கும் சோதனை ஆகாது. யாராவது இப்படிச் சொன்னால், உள்ளே செய்தித்தாளை விரித்து, கல்லை வைத்துக் கனமாக்கி, அவர்கள் கண்ணெதிரிலேயே ஒரு தொட்டியில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் பெட்டியைக் கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு, வாய்ப்பகுதியைச் சுருட்டிப் பூட்டும் டிரை பேக் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு அதில் பொருள்களை வைப்பது, இந்த 650 ரூபாய் வேலையைவிட எவ்வளவோ மேல்.

கடைக்குத் திரும்பிப் போனபோது, "கேரியர்ல கட்டினா நாங்க என்ன சார் பண்றது? இன்னொரு கோட் சும்மாவே போட்டுத் தர்றேன்" என்றார். ஆற்றில் விடலாம் என்றவருக்கு மழை பெரிதாகிவிட்டது! பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டதால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துள்ளேன். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக முறை. அங்கே சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. உங்களுக்கும் இதே அனுபவம் நேர்ந்திருந்தால், உரிந்த சிலிக்கானையும் பட்டையையும் எறிந்துவிடாமல், தேதியுடன் கூடிய படங்களையும் யூபிஐ பதிவையும் அவற்றோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.