தம்பியின் அரிவாள் வழக்கும் இலவச வக்கீலும்: வட்ட சட்டப் பணிகள் குழு பற்றி என் அனுபவம்

என் தம்பி தென்னை மரம் ஏறுகிறவன். ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை வரைக்கும் அவன் கால் படாத தோப்பு குறைவு. 2023 பங்குனியில், பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு முதல் நாள் ராத்திரி, வேலை முடிந்து வரும்போது வண்டிச் சோதனையில் நிறுத்தினார்கள். பைக்கில் கட்டியிருந்த சாக்குக்குள் அரிவாள். எனக்குப் போன் வந்தபோது ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிந்து, ரிமாண்டு முடிந்து, கிளைச் சிறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

முதலில் பணம் கொடுத்து ஒரு வக்கீலைப் பார்த்தேன். நாற்பதாயிரம் கேட்டார்கள். "பேசாம குற்றத்தை ஒத்துக்கச் சொல்லுங்க, ஃபைனோட போயிடும்" என்று அங்கிருந்த குமாஸ்தா சொன்னார். நான் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவள். ஃபைனோடு போய்விடும் என்றதும் மனசு அதில்தான் விழுந்தது. அப்புறம் சிறையில் தம்பியைப் பார்க்கப் போனபோது, வட்ட சட்டப் பணிகள் குழுவிலிருந்து (தாலுகா கோர்ட்டில் இலவச வக்கீல் ஏற்பாடு செய்து கொடுக்கும் குழு) அங்கே வாரம் ஒருமுறை வரும் சட்ட உதவி வக்கீலிடம் அவனே மனு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். காவலில் இருப்பவருக்கு வருமானக் கணக்கே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும் அப்படித்தான். இது 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இருக்கிற உரிமை. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் ஜாமீன் கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர், தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. இதெல்லாம் எந்த வக்கீலும் செய்வதுதான். இந்தச் சேவையைப் பற்றி நான் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் அதற்குப் பிறகு நடந்தது.

சட்ட உதவியில் தம்பிக்கு இரண்டாவதாக வந்த வக்கீலம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அந்த அரிவாளை நீங்க பார்த்திருக்கீங்களா?"

பார்க்காமல் என்ன? 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, விழுந்த மரத்தைத் துண்டு போடக் கொல்லுப்பட்டறையில் சொல்லி அடித்தது அது. பிடி வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி நான்தான் சுற்றிக் கொடுத்தேன். அதைச் சொன்னதும் அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டு ஆயுதத்தைத்தான் ஆயுதச் சட்ட விதிகள் கணக்கில் எடுக்கின்றன. அந்த அளவைத் தாண்டினாலும், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ என்றே செய்த பொருள் சட்டப்படி ஆயுதமே ஆகாது. அதோடு, அரசு அறிவிப்பு செய்த பகுதியில்தான் இந்த வகை ஆயுதத்துக்கு லைசென்ஸ் கேட்க முடியும். ஆனால் குற்றம் என்று ஒத்துக்கொண்டால் வெறும் ஃபைன் கிடையாது. தம்பி மேல் போட்டிருந்த பிரிவில் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் மூன்று வருடம். மாஜிஸ்ட்ரேட் அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால் சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும். எழுதிக் குறைத்தாலும் தண்டனை பெற்றவன் என்ற பெயர் நிற்கும். தம்பி சிங்கப்பூர் போகப் பாஸ்போர்ட்டுக்குக் காகிதம் சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

எல்லா வழக்கையும் அவர் இப்படி எதிர்த்துப் போராடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாய்தாவுக்குப் போய்ப் போய் மற்றவர்கள் வழக்கும் எனக்குப் பழகிப்போயிற்று. பிறந்தநாள் கேக்கை வீச்சரிவாளால் வெட்டி வீடியோ போட்ட 19 வயதுப் பையன் ஒருவன். வீடியோவில் அவன் முகமே இருக்கிறது, மறுக்க முடியாது. அவனுக்கு அவர் 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தைக் காட்டிப் பேசினார். 21 வயதுக்குக் கீழே என்றால், சிறைக்கு அனுப்புவதற்குத்தான் காரணம் எழுத வேண்டுமாம். நன்னடத்தை அலுவலர் அவன் வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் விசாரித்து அறிக்கை கொடுத்தார். பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். அந்தப் பையனின் அம்மா கோர்ட் வாசல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாட்டுத் துப்பாக்கி வழக்கு என்றால் கதை வேறு. கலெக்டர் அனுமதி இல்லாமல் வழக்கே நடத்த முடியாது, தண்டனையும் இரண்டு வருடத்திலிருந்து தொடங்கும்.

தம்பி வழக்குக்கு வருகிறேன். சாட்சி விசாரணை அன்று அரிவாளை மேஜை மேல் வைத்தார்கள். சணல் கயிற்றில் அட்டை, அரக்கு முத்திரை. நான் சுற்றிய டியூப் அப்படியே இருந்தது. வளைவில் காய்ந்துபோன தென்னை நார் இரண்டு இழை ஒட்டியிருந்தது. வக்கீலம்மா அதைத் தொடவில்லை. பிடித்த பொருள்களைப் பட்டியல் போட்டுப் போலீஸ் கோர்ட்டுக்கு அனுப்பிய ஃபார்ம் 95-ஐ எடுத்து, மகஜரில் (பொருளைப் பிடித்தபோது எழுதிய குறிப்பு) சாட்சியான கிராம நிர்வாக அலுவலரிடம் இரண்டாவது வரியைப் படிக்கச் சொன்னார். "பழைய கயிறு ஒன்று, இரு முனையும் முடிச்சிட்டது." மகஜரில் அந்தக் கயிறு இல்லை.

"இது என்ன கயிறு?"

"தளைக்கயிறுங்க."

"எதுக்குப் பயன்படும்?"

"மரம் ஏற."

அவ்வளவுதான் கேட்டார். உட்கார்ந்துவிட்டார். அரசு அறிவிப்பைப் போலீஸ் தரப்பு கடைசி வரை தாக்கல் செய்யவில்லை. 2025 தை மாதம் தம்பிக்கு விடுதலை.

குறைகளும் உண்டு. முதலில் கொடுத்த வக்கீல் நான்கு வாய்தாவுக்குப் பிறகு மாறிவிட்டார். அந்த மாற்றத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, கோர்ட் சேவகரான டபாலி பேர் கூப்பிட்டபோது பக்கத்தில் யாருமே இல்லாமல் தம்பி கூண்டருகில் தனியாக நின்றான். அது பெரிய தப்பு, இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. இரண்டாவதாக வந்தவர்தான் நான் சொல்லும் வக்கீலம்மா. மொத்தம் 19 வாய்தா. ஒவ்வொன்றுக்கும் தம்பிக்கு ஒரு நாள் கூலி போயிற்று. மனு எழுதும் இடத்தில் பெண்கள் உட்கார ஒரு பெஞ்சு கூட இல்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். வக்கீல் ஃபீஸ், வக்காலத்துச் செலவு, நகல் எதற்கும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. போக வேண்டியவர்கள் உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே விசாரியுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எஃப்ஐஆர் நகலையும் ஆதார் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் பிடிபட்ட வழக்கு என்றால், அந்தப் பொருள் யார் செய்தது, எதற்கு வாங்கியது என்று முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

அப்பீல் கெடு முடிந்ததும் அரிவாளைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டோம், கொடுத்துவிட்டார்கள். வாய் முழுக்கத் துரு. பட்டறையில் சாணை பிடித்துக் கொண்டுவந்தான். டியூப் மட்டும் நான் புதிதாகச் சுற்றினேன்.