சாப்பாட்டு மேசைக்கு மேலே பெர்ரி பிரபுவின் விருந்து: மெட்டல் பிரிண்ட் அனுபவம்

பழைய ஐரோப்பிய அரசவை ஓவியம் எதையாவது மெட்டல் பிரிண்டாக, அதாவது அலுமினியத் தகட்டில் அச்சிட்ட படமாக, வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில் இதுதான்: நீலத்துக்காகத் தாராளமாக வாங்கலாம், தங்கத்துக்காக வாங்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் சில வருடங்களாகத் தொங்குவது ‘த்ரே ரிஷ் ஸர்’ என்ற பிரார்த்தனைச் சுவடியின் ஜனவரிப் பக்கம். நாங்கள் இருப்பது பாரிஸ் புறநகரில். மூலச்சுவடி இருப்பது இங்கிருந்து வடக்கே, ஷான்டியி கோட்டையின் கோந்தே அருங்காட்சியகத்தில். பிரான்ஸ் மன்னர் ஐந்தாம் சார்லஸின் தம்பி பெர்ரி பிரபு, லிம்பூர் சகோதரர்கள் மூவரைக் கொண்டு 1412 வாக்கில் இதை வரையச் சொன்னார். 1416இல் பிரபு இறந்தார். சகோதரர்கள் மூவரும் அதே வருடம் போய்விட்டார்கள். வேலை பாதியில் நின்றது.

படத்தில் நடப்பது புத்தாண்டு விருந்து. அந்த நாளில் பிரபுவும் அவையினரும் ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்பது வழக்கம். இந்தச் சகோதரர்களே 1411 புத்தாண்டுக்குப் பிரபுவிடம் ஒரு ‘புத்தகம்’ கொடுத்தார்கள். திறந்தால் திறக்காது, புத்தகம் போல வண்ணம் பூசிய மரக்கட்டை! அவ்வளவு உரிமை இருந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வலப்பக்கம் நீல அங்கியில் உட்கார்ந்திருக்கும் பிரபுவின் முகமே வேறு மாதிரி தெரிகிறது. அவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போல இருப்பது, கணப்பு நெருப்பின் சூடு நேரே அடிக்காமல் வைத்த பின்னல் தட்டி. அருகில் நிற்கும் அதிகாரியின் தலைக்கு மேல் ‘அப்ரோஷ், அப்ரோஷ்’, அதாவது ‘வாங்க, கிட்ட வாங்க’ என்று தங்க எழுத்து. மேசையில் கப்பல் வடிவில் ஒரு தங்கப் பாத்திரம். தட்டுகளுக்கு நடுவே இரண்டு நாய்க்குட்டிகள் உலாவுகின்றன. ஊரிலிருந்து வந்த அம்மா முதலில் பார்த்ததே அவற்றைத்தான்: “சாப்பிடுற மேசை மேலயா நாய்க்குட்டியை ஏத்தி விட்டிருக்காங்க?” வருகிற விருந்தாளிகளும் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

சரி, தகடு விஷயத்துக்கு வருவோம். இது சப்ளிமேஷன் முறையில் அச்சிட்டது. படத்தை முதலில் ஒரு தாளில் அச்சடித்து, மேல்பூச்சு கொடுத்த அலுமினியத் தகட்டின் மீது வைத்து, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும். மேலே உரிந்து வருவதற்குத் தனியாக மை அடுக்கு கிடையாது. இந்தச் சுவரில் முன்பு கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதப் படம் இருந்தது. குளிர்காலத்து ஈரத்தில் அலை அலையாக நெளிந்து போனது. தகடு அப்படியே இருக்கிறது. சமையலறை வாசல் பக்கத்திலேயே இருப்பதால் தாளிக்கும் புகை வந்து படியத்தான் செய்கிறது. மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்துத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒரு முறை ஒற்றி எடுத்தால் போதும். சொரசொரப்பான ஸ்பாஞ்சைக் கிட்டேயே கொண்டு போகக் கூடாது, பூச்சு கீறிவிடும்.

நீலம் இன்றும் முதல் நாள் போலவே இருக்கிறது. பிரபுவின் அங்கியிலும், மேலே மகரமும் கும்பமும் நிற்கிற அரைவட்ட வானத்திலும் அந்த ஆழத்தைக் காகித அச்சில் நான் பார்த்ததில்லை. ஜன்னல் வெயில் நேரே படாத சுவர் என்பதும் ஒரு காரணம். நேர் வெயில் பட்டால் எந்தச் சாயமும் வெளுக்கும், அலுமினியத்தில் ஏற்றியதால் மட்டும் தப்பிக்காது.

தங்கத்தில்தான் மனத்தாங்கல். புகைப்படத்தில் தங்கம் என்பது வெறும் மஞ்சள் கலந்த பழுப்பு, தகட்டிலும் அப்படியேதான் வரும். வெள்ளை அடிப்பூச்சு இல்லாத தகடும் விற்கிறார்கள். அதில் வெளிர் நிறங்களின் வழியே உலோகம் மினுங்கும். தங்கக் கப்பல் பளிச்சென்று இருக்கும்தான், ஆனால் மேசை விரிப்பும் மனித முகங்களும் சேர்ந்து மினுங்கும். முகத்தில் உயிர் இருக்காது. நான் வெள்ளை அடிப்பூச்சு, மிதமாகப் பளபளக்கும் சாட்டின் மெருகு எடுத்தேன். அதி பளபளப்பான மெருகில் எதிர் ஜன்னலும் விளக்கும் படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இத்தனை சிறிய உருவங்கள் நெருங்கி நிற்கிற ஓவியத்துக்கு அது சரிப்படாது.

அளவு பற்றி ஒரு வார்த்தை. மூலப் பக்கம் ஏறத்தாழ 29க்கு 21 செ.மீ. அதன் விகிதத்துக்கு 70க்கு 50 செ.மீ. கச்சிதமாகப் பொருந்துகிறது. பல கடைகள் தங்களிடம் உள்ள அளவுக்குப் பொருத்துவதற்காக மேலே உள்ள வானத்தை வெட்டிவிடுகின்றன. அது பெரிய குறை. இது நாட்காட்டிப் பக்கம். சூரியத் தேரும் ராசிகளும் போய்விட்டால் யாரோ பணக்காரர் வீட்டுச் சாப்பாடுதான் மிஞ்சும். ஆர்டர் செய்யும் முன் முழுப் பக்கமும் வருகிறதா என்று மாதிரிப் படம் கேட்டு வாங்குங்கள். எனக்கு முதலில் வந்த தகட்டின் கீழ் மூலை மடங்கியிருந்தது. ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள தகடு, மூலையில் அடிபட்டால் நிமிர்த்த முடியாது. கடைக்காரர் வாரக்கணக்கில் இழுத்தடித்துத்தான் மாற்றிக் கொடுத்தார். டெலிவரி ஆள் முன்னாலேயே பெட்டியைப் பிரித்துப் படம் எடுத்து வைப்பது நல்லது.

2025 கோடையில் சுவடியின் நாட்காட்டித் தாள்களைத் தையல் பிரித்து ஷான்டியியில் காட்சிக்கு வைத்தார்கள். பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது, தமிழ்க் கடைகள் உள்ள லா ஷப்பெல் பக்கம் காய்கறி வாங்கப் போகிற நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஸ்டேஷன்தான். கோட்டையை அருங்காட்சியகமாக விட்டுச் சென்ற ஓமால் பிரபு, சேகரிப்பு எதையும் வெளியே இரவல் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டதால், மூலத்தைப் பார்க்க அங்கேதான் போயாக வேண்டும். போய்ப் பார்த்தேன். தங்கம் தங்கமாகவே இருந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் ஒளி எழுத்தின் மேல் நகர்ந்தது. அதை எந்தத் தகடும் தராது. ஆனால் பின்னால் தொங்கும் திரையில் மோதும் வீரர்களும், கீழே வெள்ளை வேட்டைநாய்க்குத் தீனி கொடுப்பவரும் எனக்கு உடனே அடையாளம் தெரிந்தார்கள். தினமும் சோறு சாப்பிடும்போது அவர்களைப் பெரிதாகப் பார்த்த பழக்கம்தான் காரணம்.

அடுத்து பிப்ரவரிப் பக்கம் வாங்கும் எண்ணம் இருக்கிறது. முழுக்கப் பனி, அதனால் அடிப்பூச்சின் வெள்ளை சரியாக அமையாவிட்டால் எல்லாம் சாம்பலாகிவிடும். முதலில் கையளவு மாதிரித் தகடு ஒன்று அச்சடித்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.