கடை வாசலை அடைக்க மணல் மூட்டையா, பலகைத் தடுப்பா, உயர்த்திய வாசலா?

2024 அக்டோபரில் செல்லூர் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் நிரம்பி வழிந்ததிலிருந்து, ஐப்பசி நெருங்கினாலே மதுரைக் கடைக்காரர்கள் வாசலை எதை வைத்து அடைப்பது என்று விசாரிக்கிறார்கள். அதற்கு முன் கழிவறையைப் பாருங்கள். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து, கடைத் தரை தாழ்ந்துபோன பழைய கட்டடங்களில் பாதாளச் சாக்கடை நிரம்பினால், கழிவறைக் கோப்பையும் தரை ஜாலியும்தான் முதலில் பொங்கும். அப்போது வாசலில் எதை வைத்தாலும் வீண்தான்.

இதற்கு மருந்து, கழிவுநீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வந்தால் தானாக மூடிக்கொள்ளும் நான்-ரிட்டர்ன் வால்வு. கட்டடத்தின் கடைசி சேம்பருக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவே, குழாய் அளவுக்கேற்ப 110 அல்லது 160 மி.மீ. வால்வு, திறந்து சுத்தம் செய்யும் மூடியோடு இருக்க வேண்டும். மொட்டை மாடி மழைநீர்க் குழாயை வால்வுக்கு உட்புறம் சேர்த்துவிடும் தவறு சாதாரணமாக நடக்கிறது. 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர். வால்வு மூடியிருக்கும்போது அவ்வளவும் உங்கள் கடைக்குள்தான் இறங்கும். மாடித் தண்ணீரைத் தனிக் குழாயில் வெளியேற்றுங்கள். வால்வு மூடியிருக்கும்வரை உள்ளே கழிவறையையும் பயன்படுத்தக் கூடாது. துணி, பிளாஸ்டிக், ஹோட்டல் எண்ணெய்ப் பிசுக்கு சிக்கினால் உள்ளே இருக்கும் மடல் மூடாது. புரட்டாசியிலேயே திறந்து கழுவிவிடுங்கள்.

இனி வாசல். 10 அடி ஷட்டரின் முன் ஓரடித் தண்ணீர் நின்றால் சுமார் 140 கிலோ தள்ளும். இரண்டடி நின்றால் அது நான்கு மடங்காகி 560 கிலோவைத் தாண்டும். ஷட்டர் தகடு இதைத் தாங்குமா என்பதைவிட, அதன் அடியிலும் பக்கத்திலும் உள்ள சந்துதான் பிரச்சினை.

மணல் மூட்டை உடனே கிடைக்கும், செலவும் குறைவு. ஆனால் ஓரடி உயரத்துக்கு அந்த 10 அடியை அடைக்க 60 மூட்டைக்குக் குறையாது. பையைப் பாதி, முக்கால்வாசிக்குள் நிரப்பி, செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்கி, தண்ணீர்ப் பக்கம் பாலித்தீன் விரிக்க வேண்டும். முட்ட நிரப்பிய பை உருண்டையாகி இடைவெளி விடும். எப்படிக் கட்டினாலும் கசியும். வெயிலில் கிடந்த பை அடுத்த வருஷம் தூக்கும்போதே கிழியும். சாக்கடை கலந்த நீர் பட்ட மணலை மறுபடி எடுக்கவும் கூடாது.

அலுமினியப் பலகைத் தடுப்புக்கு முதலில் செலவு அதிகம். பலகை இறங்கும் பள்ளமுள்ள சேனலை இருபுறமும் கான்கிரீட் தூணில் போல்ட் அடித்துப் பொருத்தினால், மழை எச்சரிக்கை வந்ததும் இரண்டு பேர் சில நிமிடங்களில் பலகைகளை இறக்கிவிடலாம். கோட்டை விடும் இடம் கீழ்ப்படி. டைல்ஸ் இணைப்பின் மேல் பலகையின் அடி ரப்பர் உட்கார்ந்தால் நீர் அடியால் புகும். ஒரே துண்டு கிரானைட் படி போடுங்கள். ரப்பரை வெயில் படாமல் வைக்காவிட்டால் இறுகி வெடித்துவிடும்.

வாசலை 9 அங்குலம் உயர்த்துவதுதான் நிரந்தரம். ராத்திரி ஆள் இல்லாதபோதும் வேலை செய்யும். ஆனால் ஓரடிக்கு ஓரங்குலம் சரிவு என்றாலும் 9 அடி இடம் வேண்டும். கீழமாசி வீதி போல நாள் முழுக்க மூட்டை இறங்கும் இடத்தில் அது கிடைப்பது கஷ்டம். இடமில்லை என்று சரிவைச் சாக்கடை மேல் இழுத்துக் கட்டிவிடாதீர்கள். தூர்வார வழியின்றி அடைத்துக்கொண்டால், தெரு முழுக்கத் தண்ணீர் தேங்கும்.

எங்கள் கணிப்பில், கையில் உள்ள பணத்துக்கு முதலில் வால்வு, அடுத்து பலகை. கடை முன்னால் சொந்த இடம் இருந்தால் பலகைக்குப் பதில் உயர்த்திய வாசல். மணல் மூட்டை, பின்கதவு போன்ற சின்னச் சந்துகளுக்கு மட்டும்.

கீழ்த்தளக் குடோன் இருந்தால் பம்பும் வேண்டும். நல்ல தண்ணீர் மோனோபிளாக்கில் சேறு சிக்கும். மிதவை சுவிட்ச் உள்ள கழிவுநீர் சப்மெர்சிபிள் வாங்குங்கள். வெளியேற்றும் குழாய் வாய் ரோட்டு வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால், ஜெனரேட்டர் மேல்தளத்தில் தயாராக இருக்க வேண்டும்.

வெளியே மூன்றடிக்கு மேல் ஏறினால் தடுப்பை விட்டுவிடுங்கள். சாதாரணச் செங்கல் சுவர் அந்த அழுத்தத்துக்குக் கட்டப்பட்டதல்ல. மெயினை அணைத்து, சரக்கை மேலே ஏற்றிவிட்டு, தண்ணீரை உள்ளே விட்டால் கட்டடமாவது நிற்கும்.