மெய்நிகர் ஃபயர்வாலில் பழுது தேடுவது: ப்ராக்ஸ்மாக்ஸ் மீது ஓடும் ஓப்பன்சென்ஸ், ஒன்றரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் அலுவலகத்தில் 14 பேர் வேலை செய்கிறோம். எங்கள் கணினிகளும், கணக்கு மென்பொருள் ஓடும் சர்வரும், பிரிண்டர்களும், வாசல் கேமராவும் இணையத்துக்குப் போகும் வழியில் கடக்க வேண்டிய ஃபயர்வால் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் காவல்) ஒரு தனிப் பெட்டி அல்ல. நான்கு நெட்வொர்க் போர்ட்டுகள் கொண்ட ஒரு சிறு கணினியில், ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகளை (மென்பொருளாலேயே உருவாகும் கணினிகளை) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவி, அதற்குள் ஒரு மெய்நிகர் கணினியாக ஓப்பன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை ஓட்டுகிறோம். கணக்கு மென்பொருளின் சர்வரும் அதே இயந்திரத்தில் இன்னொரு மெய்நிகர் கணினியாக இருக்கிறது. ஃபயர்வாலுக்கு இரண்டு சிபியூ கோர்களும் 4 ஜிபி நினைவகமும் கொடுத்திருக்கிறோம். அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

ஓப்பன்சென்ஸ் 2015 ஜனவரியில் நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனத்தால் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளிலிருந்து பிரித்து வெளியிடப்பட்டது. பிஎஃப்சென்ஸ் 2004இல் மோனோவால் என்ற திட்டத்திலிருந்து கிளைத்தது. இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். ப்ராக்ஸ்மாக்ஸோ வியன்னாவில் உருவாகும் மென்பொருள். டெபியன் லினக்ஸையும், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம்மையும் அடிப்படையாகக் கொண்டது. இந்த வரலாற்றை ஒரு காரணத்துக்காகவே சொல்கிறேன். ஒரே பெட்டிக்குள் லினக்ஸின் நெட்வொர்க் அடுக்கு ஒன்றும், ஃப்ரீபிஎஸ்டியின் நெட்வொர்க் அடுக்கு ஒன்றுமாக இரண்டு இருக்கின்றன. ஒவ்வொரு பாக்கெட்டும் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) இரண்டையும் கடந்தே போகிறது. பழுது இந்த இரண்டுக்கும் நடுவில் விழும்போது, ஃபயர்வாலின் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் அதை ஒருபோதும் காண மாட்டார்.

வேகத்தையும் வசதிகளின் பட்டியலையும் வைத்து ஃபயர்வாலை மதிப்பிடுவது வழக்கம். அந்த அளவில் ஓப்பன்சென்ஸ் மீது எனக்குக் குறையே இல்லை. இலவசமாகக் கிடைக்கிறது, ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வருகின்றன, இடையிடையே சிறு திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, விலேன் (ஒரே கம்பியில் நெட்வொர்க்கைப் பல பிரிவுகளாக்குவது), விபிஎன் (வெளியிலிருந்து பாதுகாப்பாக இணைவது), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றுவது) எல்லாம் ஒரே இடைமுகத்தில் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. ஆனால் அலுவலகமே வேலையை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரைமணி நேரத்தில், பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கருவி எவ்வளவு உதவுகிறது என்பதே எனக்கு முதன்மையான கேள்வியாகிவிட்டது. இந்த மதிப்புரையை அந்தக் கேள்வியை வைத்தே எழுதுகிறேன்.

எங்களுக்கு வந்த பழுதுகளில் மிகக் கடினமானது ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. எல்லோருடைய கணினியிலும் இணையம் வந்துகொண்டிருந்தது. கணக்கு சர்வருக்குப் பிங் (எட்ட முடிகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) கொடுத்தால் ஒரு மில்லி விநாடிக்குள் பதில் வந்தது. ஆனால் மென்பொருளின் பக்கம் மட்டும் எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. ஃபயர்வாலின் நேரடி லாக் (நிகழ்வுப் பதிவு) திரையைத் திறந்தேன். தடுக்கப்பட்டதாக ஒரு வரிகூட இல்லை. விதிகளில் பதிவு செய்யும் குறியை இட்டுப் பார்த்தபோது, அனுமதிக்கப்பட்டதாகப் பச்சை வரிகள் அடுக்கடுக்காக வந்தன. ஃபயர்வாலைப் பொறுத்தவரை எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது.

காரணம் செக்சம். இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் டிசிபி முறையின் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதன் உள்ளடக்கம் வழியில் சிதையவில்லை என்று சரிபார்க்க ஒரு கூட்டுத்தொகை இருக்கிறது. இந்தக் கணக்கைப் போடும் வேலையை இயங்குதளம் நெட்வொர்க் கார்டிடம் ஒப்படைத்துவிடலாம். இதைத்தான் செக்சம் ஆஃப்லோடு என்கிறார்கள். ஒரே இயந்திரத்தில் உள்ள இரண்டு மெய்நிகர் கணினிகள் விர்ட்ஐஓ எனும் மெய்நிகர் நெட்வொர்க் கார்டு வழியாகப் பேசிக்கொள்ளும்போது, நடுவில் உண்மையான கம்பியே கிடையாது. ஆகவே சிதைவதற்கு எதுவும் இல்லை என்ற எண்ணத்தில் அந்தக் கூட்டுத்தொகை முழுமையாக நிரப்பப்படாமலேயே பாக்கெட் அடுத்த கணினிக்குக் கைமாற்றப்படுகிறது. பெறும் கணினியே அதன் கடைசி இடமாக இருந்தால் இதில் பாதகம் இல்லை. ஆனால் எங்கள் அமைப்பில் அதைப் பெறுவது ஃபயர்வால். அது அந்தப் பாக்கெட்டை வெளியே உள்ள கணினிகளுக்கு அனுப்பி வைக்கிறது. அரைகுறைக் கூட்டுத்தொகை அப்படியே கம்பியில் ஏறுகிறது. பெறும் கணினி அது சிதைந்த பாக்கெட் என்று கருதி, யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கி எறிந்துவிடுகிறது. பிங்கின் செக்சத்தை அனுப்பும் இயங்குதளமே போட்டுவிடுவதால் பிங் மட்டும் பழுதில்லாமல் போய்வருகிறது. ஊழியர்களின் கணினிகள் கம்பி வழியாக வருவதால் அவற்றின் பாக்கெட்டுகளில் கணக்கு சரியாகவே இருக்கும். ஆகவே அவர்களுக்கு இணையம் வந்தது, சர்வரிடமிருந்து வரும் பதில்கள் மட்டும் மடிந்தன.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓப்பன்சென்ஸ் நிறுவும்போதே இந்த ஆஃப்லோடை அணைத்து வைத்துத்தான் கொடுக்கிறது. சனிக்கிழமை மாலை, வேகம் கூடும் என்று நினைத்து அதை இயக்கி வைத்தது நான். அந்த மாற்றம் அப்போதே நடைமுறைக்கு வரவில்லை. இயந்திரம் மறுபடி தொடங்கினாலோ, இணைப்புகள் மறுபடி அமைக்கப்பட்டாலோதான் வரும். ஞாயிறு இரவு மின்சாரம் போய் வந்தபோது அது நடந்தது. செய்த மாற்றத்துக்கும் தெரிந்த விளைவுக்கும் இடையில் ஒன்றரை நாள் இருந்ததால், இரண்டையும் நான் இணைத்துப் பார்க்கவில்லை. கடைசியில் அதைக் காட்டிக் கொடுத்தது ஓப்பன்சென்ஸின் அமைப்பு வரலாறு. எந்த நேரத்தில், எந்தப் பயனர், எந்த வரியை மாற்றினார் என்பதை இரண்டு பதிப்புகளையும் ஒப்பிட்டு வரி வரியாகக் காட்டுகிறது. இந்த ஒரு வசதிக்காகவே இந்த மென்பொருளை நான் பிறருக்குப் பரிந்துரைப்பேன். பழுது பார்க்கத் தொடங்குமுன் முதலில் திறக்க வேண்டிய பக்கம் லாக் அல்ல, இதுதான் என்பது இப்போது என் பழக்கம்.

அன்று அந்தப் பக்கத்துக்கு வருவதற்குள் இரண்டு மணி நேரம் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிசிபிடம்ப் என்ற கருவி கொண்டு சர்வரிலேயே பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தபோது செக்சம் தவறு என்று காட்டியது. ஆஃப்லோடு இயங்கும் எந்தக் கணினியிலும், அனுப்பும் முனையில் பிடித்தால் இப்படித்தான் காட்டும். கார்டு கணக்கைப் போடுவதற்கு முந்தைய நிலையையே அது பார்க்கிறது. இது எனக்கு முன்பே தெரிந்திருந்ததால், வழக்கமானதுதான் என்று கடந்து போய்விட்டேன். பெறும் முனையில், அதாவது ஊழியர் ஒருவரின் கணினியில் பிடித்துப் பார்ப்பதுதான் முடிவான சாட்சி. அதற்கு வயர்ஷார்க் என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்கள், அதில் டிசிபி செக்சம் சரிபார்ப்பு இயல்பாக அணைந்திருக்கும் என்பதையும், அதை இயக்கினால்தான் தவறு தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பாக்கெட்டை எங்கே நின்று பிடிப்பது என்பதில்தான் தனிப்பெட்டி ஃபயர்வாலுக்கும் மெய்நிகர் ஃபயர்வாலுக்கும் உள்ள வேறுபாடு முழுதாகத் தெரிகிறது. தனிப்பெட்டியில் உள்ளே வரும் கம்பி, வெளியே போகும் கம்பி என்று இரண்டே இடங்கள். இங்கே பாக்கெட் முதலில் பௌதிகப் போர்ட்டில் நுழைகிறது. பிறகு போர்ட்டையும் மெய்நிகர் கணினிகளையும் இணைக்கும் மென்பொருள் ஸ்விட்சான லினக்ஸ் பிரிட்ஜைக் கடக்கிறது. பிறகு மெய்நிகர் கணினிக்கென்று ப்ராக்ஸ்மாக்ஸ் உருவாக்கும் டேப் எனும் இணைப்பைக் கடந்து, அதன் பிறகே ஓப்பன்சென்ஸை அடைகிறது. மெய்நிகர் கார்டின் அமைப்பில் ஃபயர்வால் என்ற கட்டத்தில் குறி இருந்தால், நடுவில் இன்னொரு பிரிட்ஜும் சேர்ந்துவிடும். கார்டைச் சேர்க்கும்போது அந்தக் குறி இயல்பாகவே இடப்பட்டிருக்கிறது. ஃபயர்வாலாகவே இயங்கப் போகும் ஒரு மெய்நிகர் கணினிக்கு அது தேவையில்லை, எடுத்துவிடலாம். இத்தனை இடங்களிலும் ப்ராக்ஸ்மாக்ஸின் முனையத்திலிருந்தே டிசிபிடம்பை ஓட்ட முடிகிறது என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய பலம். போர்ட்டில் தெரிந்த பாக்கெட் டேப்பில் தெரியவில்லையென்றால் பழுது பிரிட்ஜில்; டேப்பில் தெரிந்தது ஓப்பன்சென்ஸின் பிடிப்பில் தெரியவில்லையென்றால் மெய்நிகர் கார்டில்; ஓப்பன்சென்ஸுக்குள் வந்தும் மறுபக்கம் போகவில்லையென்றால்தான் விதிகளைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர், ஆரம்பத்தில் நானும்தான், இந்தக் கடைசி இடத்திலிருந்து தேடத் தொடங்குகிறோம்.

எங்களுக்கு ஒருமுறை விலேன் வேலை செய்யாமல் போனதை இந்த முறையில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். போர்ட்டில் விலேன் குறியுடன் வந்த பாக்கெட்டுகள் டேப்பில் காணவில்லை. பிரிட்ஜின் அமைப்பில் விலேன் அறிந்த பிரிட்ஜ் என்ற கட்டத்தில் குறி இல்லாததும், மெய்நிகர் கார்டில் ஒரு விலேன் எண்ணை எப்போதோ எழுதி வைத்ததும் சேர்ந்து குழப்பியிருந்தன. எல்லா விலேன்களும் ஓப்பன்சென்ஸுக்குள் போக வேண்டுமானால் அந்த எண் கட்டம் காலியாக இருக்க வேண்டும்.

புதிதாக நிறுவுகிறவர்கள் முதல் நாளே மோதிக்கொள்ளும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஓப்பன்சென்ஸின் உள்பக்க முகவரி இயல்பாக 192.168.1.1. நம் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வரும் ஃபைபர் மோடங்கள் பலவற்றின் முகவரியும் அதே 192.168.1.1. ஃபயர்வாலின் இரண்டு பக்கமும் ஒரே முகவரி வரம்பு அமைந்துவிட்டால், எந்தப் பாக்கெட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. நிறுவல் முழுவதும் பிழையில்லாமல் முடிந்திருக்கும், இணையம் மட்டும் வராது. உள்பக்கத்தை 10.20.30.1 போன்ற வேறொரு வரம்புக்கு நிறுவும்போதே மாற்றிவிடுவது நல்லது.

பின்னர் எங்கள் மோடத்தைப் பிரிட்ஜ் முறைக்கு (தரவை அப்படியே கடத்திவிடும் முறைக்கு) மாற்றி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பை ஓப்பன்சென்ஸே ஏற்படுத்தும்படி செய்தோம். சில தளங்கள் திறந்து சில தளங்கள் பாதியில் நின்றால், பாக்கெட்டின் அளவைச் சோதிக்க வேண்டும். 1500 பைட்டில் 8 பைட்டைப் பிபிபிஓஇ எடுத்துக்கொள்வதால் 1492 மிஞ்சும். அதில் பிங்கின் தலைப்புகளுக்கு 28 பைட் போகும். பிரிக்கக் கூடாது என்ற குறியுடன் 1464 பைட் தரவு கொண்ட பிங் போய், 1465 போகாமல் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

நேரடி லாக் திரையைப் பற்றி ஒரு குறையும் ஒரு பாராட்டும் உண்டு. வடிகட்டும் வசதி மிக நன்றாக இருக்கிறது. ஒரு முகவரியைத் தட்டினால் அதன் வரிகள் மட்டும் ஓடும். ஆனால் இயல்பான தடை விதியின் பெயரிலேயே, அனுமதி இல்லாததால் தடுக்கப்பட்டவையும், இணைப்பின் நிலைப் பதிவோடு (நடப்பிலுள்ள இணைப்புகளை ஃபயர்வால் குறித்து வைக்கும் பட்டியலோடு) பொருந்தாததால் தடுக்கப்பட்டவையும் சேர்ந்து காட்டப்படுகின்றன. இரண்டுக்கும் மருந்து முற்றிலும் வேறு. பாக்கெட் இணைப்பின் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் டிசிபி கொடிகளைப் பார்த்தே பிரித்தறிய வேண்டியிருக்கிறது: தொடக்கப் பாக்கெட் தடுக்கப்பட்டால் விதி இல்லை, நடுப்பாக்கெட் தடுக்கப்பட்டால், போன பாதையும் திரும்பிய பாதையும் வேறாக இருக்கக்கூடும். இரண்டு கார்டுகளோடு இரண்டு வரம்புகளில் நிற்கும் சர்வர்களிடம் இது அடிக்கடி நிகழும். அதுபோலவே, புதிய தடை விதி எழுதியும் பழைய இணைப்பு ஓடிக்கொண்டே இருந்தால் விதியைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டாம்; நிலைப் பட்டியலில் அந்தப் பழைய இணைப்பை நீக்கினால் போதும்.

மெய்நிகர் ஏற்பாட்டின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அந்தச் சிறு கணினியில் ஒருமுறை கூடுதலாக ஒரு கார்டைச் செருகினோம். கார்டுகள் செருகும் பிசிஐ இடங்களின் வரிசை நகர்ந்ததால், லினக்ஸ் நெட்வொர்க் போர்ட்டுகளுக்கு வைக்கும் பெயர்களின் எண் மாறியது. பிரிட்ஜ் பழைய பெயரைத் தேடி, கிடைக்காமல், எந்தப் போர்ட்டும் இல்லாமல் எழுந்தது. ஃபயர்வால் உள்ளே நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. அதை அடையத்தான் வழி இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸின் திரையை அடையவும் அதே பிரிட்ஜ்தான் வழி. திரையும் விசைப்பலகையும் கொண்டு வந்து நேரடியாகச் செருகித்தான் சரிசெய்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு போர்ட்டுக்கும் அதன் மேக் முகவரியை (கார்டுக்கென்றே உள்ள அடையாள எண்ணை) வைத்து நிலையான பெயர் கொடுத்தோம். நான்காவது போர்ட்டை நிர்வாகத்துக்கென்று ஒதுக்கி, முகவரியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபியை நம்பாத நிலையான முகவரியும் வைத்தோம்.

இவ்வளவுக்குப் பிறகும் தனிப்பெட்டிக்குத் திரும்ப நான் விரும்பவில்லை. மேம்படுத்துவதற்கு முன் ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துவைத்தால், பழுதானாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிட முடிகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் ரியல்டெக் கார்டுகளுக்கான ஆதரவு நெடுங்காலமாகப் பலவீனமானது. மெய்நிகராக ஓடும்போது கார்டைக் கையாள்வது லினக்ஸ் என்பதால், மலிவான கணினிகளிலும் ஓப்பன்சென்ஸை நம்பி ஓட்டலாம். லினக்ஸ் முனையத்தில் கை பழகியவர் ஒருவராவது உள்ள அலுவலகத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில், ஓப்பன்சென்ஸை அதற்கென்றே ஒரு தனிக் கணினியில் நிறுவிக்கொள்வதுதான் சரி; மென்பொருள் அதேதான், தேட வேண்டிய இடங்கள் மட்டும் குறையும்.

எங்கள் அலுவலக அலமாரியில் ஒரு பழைய ரௌட்டர் இருக்கிறது. ஃபயர்வாலின் உள்பக்க முகவரியையும் பிபிபிஓஇ விவரங்களையும் அதில் ஏற்றி, எந்தக் கம்பியை எதில் செருக வேண்டும் என்று தாளில் எழுதி மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். நான் ஊரில் இல்லாத இரண்டு முறை, வரவேற்பில் இருக்கும் பெண் அந்தத் தாளைப் படித்தே அதை மாட்டி அலுவலகத்தை நடத்தியிருக்கிறார்.