புதையல் குறியா, எல்லைக் குறியா?

அரிசோனாப் பாலைவனத்தில் காணப்படும் கல் குவியல்களும் சாகுவாரோ கள்ளியில் உள்ள வெட்டுகளும் ஸ்பானியர் விட்டுச்சென்ற புதையல் குறிகள் என்கிறார் பருத்தித்துறையில் இருக்கும் என் சித்தப்பா. பின்னாளில் வந்த சுரங்கக்காரர் இட்ட எல்லைக் குறிகள் என்பது என் கட்சி.

சித்தப்பா வெறுங்கையோடு வாதாடவில்லை. அந்தப் பக்கத்தில் 1736இல் பெரும் வெள்ளிக் கட்டிகள் கிடைத்தது உண்மை. ஆனால் கள்ளியே அவரைக் கைவிடுகிறது. சாகுவாரோவின் ஆயுள் சுமார் 150 முதல் 200 ஆண்டுகள். கிளை விடவே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். ஸ்பானிய ஆட்சியோ 1821இல் முடிந்துவிட்டது. அன்று கத்தி படும் பருமனில் நின்ற கள்ளி இன்றும் உயிரோடு நிற்பது மிக அரிது.

கல் குவியலுக்கு விளக்கம் இன்னும் எளிது. உரிமை கோரும் நிலத்தைத் தரையில் அடையாளமிட வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு அமெரிக்கச் சுரங்கச் சட்டம். நாம் கதியால் நட்டு வேலி அடைக்கிறோம். நெடுந்தீவில் பவளக்கல்லை அடுக்குகிறார்கள். மரம் குறைந்த பாலைவனத்தில் சுரங்கக்காரர் கல்லை அடுக்கினார்கள்.

“அப்படியானால் பாறையில் கிடக்கும் சிலுவைகள்?” என்று கேட்டார் சித்தப்பா. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும் என்றேன்.